மவுண்ட் ரோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் பழைய பெரிய கடைவீதியைப் பற்றி ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் என்னிடம் கேட்டவை, இங்கேயே பிறந்தவர்கள் கேட்கக் கூச்சப்பட்டுக் கடைசியில் கேட்டுவிட்டவை எல்லாம் இங்கே இருக்கின்றன. நான் வரலாற்றுப் பேராசிரியன் இல்லை. பல வருடங்கள் இந்தச் சாலையில் பஸ்ஸில் போய் வந்தவன். பஸ் நகராத நேரங்களில் ஜன்னல் வழியே கட்டடங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது.

மவுண்ட் ரோடு என்பதா, அண்ணா சாலை என்பதா?

தபாலில் அண்ணா சாலை, வாய்ப்பேச்சில் மவுண்ட் ரோடு. 1969 பிப்ரவரியில் முதலமைச்சர் அண்ணாதுரை மறைந்த பிறகு சாலைக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஆனால் பெயர் வருவதற்கு முன்பே அவர் சிலை வந்துவிட்டது. 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, வாலாஜா சாலை வந்து சேரும் முனையில் எம்.ஜி.ஆர். வழங்கிய சிலை திறக்கப்பட்டது. தன் சிலையைத் தானே பார்க்கும் வாய்ப்பு எல்லாத் தலைவர்களுக்கும் கிடைப்பதில்லை. இந்தப் பக்கத்தில் பழைய காலத்தைப் பற்றிச் சொல்லும்போது மவுண்ட் ரோடு என்றே எழுதுகிறேன், பழக்கதோஷம்.

எந்த மவுண்ட்?

பரங்கிமலை. ஆங்கிலேயர் அதைப் புனித தோமையார் மலை என்றார்கள். புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து அந்த மலைக்குப் போகும் வழி என்பதால் மவுண்ட் ரோடு. இன்றைய அண்ணா சாலை கூவத்தை ஒட்டித் தொடங்கி கிண்டி கத்திப்பாரா வரை சுமார் 15 கிலோமீட்டர் ஓடுகிறது. கடைவீதி என்று பெயர் வாங்கியதெல்லாம் சிம்சன் நிறுவனம் முதல் ஜெமினி மேம்பாலம் வரையிலான மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான். தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை எல்லாம் அதே சாலைதான் என்றாலும், “மவுண்ட் ரோடு போய் வருகிறேன்” என்று கிளம்பிய யாரும் சைதாப்பேட்டையில் இறங்கியதில்லை.

இந்தச் சாலையை முதலில் போட்டது யார்?

ஒரே ஆள் போட்ட சாலை இல்லை. கோட்டைக்கும் மலைக்கும் இடையே நடந்து நடந்து உண்டான தடம், பிறகு வண்டிப்பாதை, பிறகு சாலை. ஆனால் அதை எல்லாப் பருவத்திலும் போகக்கூடிய பாதையாக்கியவர் என்று ஒருவரைச் சொல்லலாம். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726-ல் தன் சொந்தப் பணத்தில் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டினார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளுக்கும் அவர்தான் செலவழித்தார். மர்மலாங் பாலம் என்று அழைக்கப்பட்ட அது போய், 1960-களில் புதிய பாலம் வந்தது. அதன் பெயர் மறைமலையடிகள் பாலம். உஸ்கான் பெயரைச் சொல்லும் கல்வெட்டு பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. லத்தீன் உள்ளிட்ட மொழிகளில் வெட்டிய அந்தக் கல்லை, அன்றாடம் அதைத் தாண்டிப் போனவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மலைக்குப் போகும் வழியில் கடைகள் ஏன் வந்தன?

எல்லாக் கேள்விகளிலும் எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நம் ஊர்க் கடைத்தெருக்கள் பெரும்பாலும் கோயிலைச் சுற்றியோ, சந்தையைச் சுற்றியோ, துறைமுகத்தை ஒட்டியோ வளர்ந்தவை. வாங்குபவன் நடந்து வருவான், கடையும் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சென்னையிலும் அப்படிப்பட்ட கடைத்தெருக்கள் இருந்தன. கோட்டைக்கு வடக்கே, பின்னாளில் ஜார்ஜ் டவுன் என்று பெயர் பெற்ற கறுப்பர் பட்டணத்தில் இருந்தன. இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

மவுண்ட் ரோடு வேறு விதமாகப் பிறந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரை ஆங்கிலேயர்கள் கோட்டைச் சுவரைவிட்டு அதிகம் வெளியே குடியேறத் துணியவில்லை. 1769-ல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் விளிம்பு வரை வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்த பிறகு அந்தப் பயம் போயிற்று. மவுண்ட் ரோட்டின் இரு பக்கமும் தோட்ட வீடுகள் எழும்பின. ஒவ்வொரு வீட்டுக்கும் ஏக்கர் கணக்கில் நிலம், நடுவில் தூண் வைத்த வெள்ளை மாளிகை, வாசலுக்கு வண்டிப்பாதை. ஆளுநரே இதற்கு வழிகாட்டினார். 1753-லேயே மவுண்ட் ரோட்டின் தொடக்கத்தில் ஒரு தோட்ட வீட்டை ஆங்கிலேய நிர்வாகம் விலைக்கு வாங்கி ஆளுநர் மாளிகை ஆக்கியிருந்தது. அதன் விருந்து மண்டபம்தான் இன்று ராஜாஜி மண்டபம்.

ஆக, காசு உள்ளவர்கள் தெற்கே போய்விட்டார்கள். அலுவலகம் கோட்டையில், வீடு தோட்டத்தில், இரண்டையும் இணைப்பது மவுண்ட் ரோடு. தினமும் சாயங்காலம் வேலை முடிந்து குதிரை வண்டியில் அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். வியாபாரி வேறு எங்கே கடை போடுவான்?

வண்டியில் வரும் வாடிக்கையாளருக்காகக் கட்டிய கடைகள் என்பதை இன்றும் கட்டடங்களே காட்டிக்கொடுக்கும். சாலையிலிருந்து உள்ளே தள்ளி நிற்கும், முன்னால் வண்டி நிறுத்த இடம் இருக்கும், வாசலில் மழை படாமல் இறங்க முகப்பு இருக்கும். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடந்து போவது வெயிலில் பெரும்பாடு. அப்படி நடப்பவர்களை எதிர்பார்த்து யாரும் அங்கே கடை கட்டவே இல்லை. பின்னால் இந்தச் சாலைக்கு வந்த சங்கடம் முழுவதற்கும் விதை இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

அந்தக் காலத்துக் கடைகளில் இப்போது எவை மிச்சம்?

இரண்டைத் தைரியமாகச் சொல்லலாம்.

ஹிக்கின்பாதம்ஸ் 1844-ல் தொடங்கிய புத்தகக் கடை. கிறிஸ்தவ மிஷன் ஒன்றின் புத்தகக் கிடங்கில் வேலை பார்த்த ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் தொடங்கியது. இன்றும் நடக்கும் புத்தகக் கடைகளில் இந்தியாவிலேயே பழையது. இப்போது உள்ள வெள்ளைக் கட்டடம் 1904-ல் எழுந்தது. உள்ளே நுழைந்ததும் முதலில் அண்ணாந்து பாருங்கள். மின்விசிறி இல்லாத காலத்தில் சூடு மேலே போகட்டும் என்று வைத்த உயரமான கூரை. அந்த உயரத்துக்குக் கீழே நிற்கும்போது தேர்வுக்கான கையேடுகள்கூட ஏதோ மதிப்புள்ள நூல்கள் மாதிரி தெரியும். பள்ளி நாட்களில் அப்பா என்னை அங்கே கூட்டிப்போய் ஓர் அகராதி வாங்கிக் கொடுத்தார். பில் போட்டவர் புத்தகத்தைப் பிரித்து, முதுகு ஒடிந்திருக்கிறதா, பக்கம் ஒட்டியிருக்கிறதா என்று கட்டைவிரலால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் காகிதத்தில் சுற்றினார். அந்தக் கட்டைவிரல் அசைவு இன்னும் கண்ணில் நிற்கிறது, அகராதிதான் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அடுத்தது பி. ஆர் அண்டு சன்ஸ். பீட்டர் ஆர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1840-களில் தொடங்கிய கடிகாரக் கடை. கட்டடம் 1870-களைச் சேர்ந்தது. வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம், இந்த ஊரின் பல அழகான கட்டடங்களுக்குச் சொந்தக்காரர். கோபுரக் கடிகாரத்தின் நேரத்தை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப் பார்த்து வைத்தார்கள். மவுண்ட் ரோட்டில் போன கனவான்கள் எல்லோரும் அதைப் பார்த்துத் தங்கள் பைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டார்கள். கடிகாரத்தோடு வெள்ளிப் பாத்திரமும் விற்றார்கள். தேநீர்க் கெண்டியைச் சுற்றிலும் நம் சாமி உருவங்களைப் புடைப்பாக அடித்த அந்த வேலைப்பாட்டுக்கு ‘சுவாமி’ என்றே பெயர். லண்டன் சீமாட்டிகள் விஷ்ணுவின் பத்து அவதாரத்தைச் சுற்றிப் பார்த்தபடி தேநீர் ஊற்றிக்கொண்டார்கள் என்று நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

ஸ்பென்சர் என்றால் மால் தானே?

மாலுக்கு முன்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது கடை. 1863-ல் டூரண்ட் என்பவரும் ஸ்பென்சர் என்பவரும் சேர்ந்து தொடங்கினார்கள். அதைப் பெரிதாக்கியவர் பிறகு வந்து சேர்ந்த யூஜின் ஓக்‌ஷாட். 1890-களில் மவுண்ட் ரோட்டில் செங்கல் சிவப்பில், கோபுரங்களோடு ஒரு பெரிய கட்டடத்தைக் கட்டினார். வடிவமைப்பு டபிள்யூ. என். பாக்சன். பக்கத்தில் இருந்த கன்னிமரா ஓட்டலையும் ஓக்‌ஷாட் வாங்கிப்போட்டார்.

கடை என்று சொன்னால் இன்றைய ஆளுக்கு அதன் அளவு பிடிபடாது. சீமையிலிருந்து வந்த மதுவும் பாலாடைக்கட்டியும் விற்றார்கள், சோடா தயாரித்தார்கள், ரயில் நிலையங்களில் சிற்றுண்டிச் சாலை நடத்தினார்கள், மருந்து விற்றார்கள். திண்டுக்கல்லில் சுருட்டு ஆலை வைத்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊட்டிக்கு மாற்றலாகிப் போனால் அவர் சாப்பாடு, குடி, புகை எல்லாம் ஸ்பென்சர் பெட்டியில் பின்னாலேயே போகும்.

சுதந்திரத்துக்குப் பிறகு வாடிக்கையாளர்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். கடை மெலிந்தது. 1980-களின் தொடக்கத்தில் தீப்பிடித்துக் கட்டடம் பாழானது. 1989-ல் ஸ்பென்சர் நிறுவனம் ஆர்.பி.ஜி. குழுமத்தின் கைக்கு மாறியது. பழைய கட்டடம் நின்ற இடத்தில் 1990-களில் பகுதி பகுதியாக ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. முன்பக்கம் பழைய கட்டடத்தின் சாயலைக் கொஞ்சம் ஒட்டவைத்திருக்கிறார்கள். இந்தியாவின் முதல் மால்களில் அதற்கு இடம் உண்டு.

1990-களில் கல்லூரியில் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். காசில்லாமல் குளிர்சாதனத்தில் சுற்ற முடிந்த இடம் அது ஒன்றுதான். வாங்குவது ஒரு கேசட், பார்ப்பது முந்நூறு. 2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ என்ற புதிய மால் பக்கத்தில் திறந்த பிறகு அந்தக் கூட்டம் போய்விட்டது. இப்போது உள்ளே காஷ்மீர்க் கம்பளக் கடைக்காரர்கள் வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள். பல ஷட்டர்கள் மூடியே கிடக்கின்றன.

எக்ஸ்பிரஸ் அவென்யூ நின்ற இடத்தில் முன்பு என்ன இருந்தது?

1832-ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப். வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். பின்னாளில் அந்த இடத்தை இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழின் ராம்நாத் கோயங்கா வாங்கினார். எக்ஸ்பிரஸ் எஸ்டேட் என்ற பெயர் அப்படி வந்தது. பக்கத்துத் தெரு மட்டும் இன்னும் கிளப் ஹவுஸ் ரோடு.

அப்படியானால் இந்தியர்கள் மவுண்ட் ரோட்டில் பொருள் வாங்கவே இல்லையா?

சட்டம் எதுவும் தடுக்கவில்லை. ஆனால் வாசலில் நிற்பவனின் பார்வையும் விலைச்சீட்டும் தடுத்தன. ஜமீன்தார்கள், ராஜாக்கள், பெரிய வக்கீல்கள் வந்தார்கள். மற்றவர்களுக்குச் சைனா பஜார், ஈவினிங் பஜார். வெள்ளைக்காரர் கிளப்பில் இடமில்லாத இந்தியப் பெரிய மனிதர்கள் 1873-ல் தங்களுக்கென்று காஸ்மாபாலிட்டன் கிளப்பைத் தொடங்கி, பின்பு அதையும் இதே மவுண்ட் ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். போட்டியென்றால் முகத்துக்கு நேராக இருக்க வேண்டும் அல்லவா.

கைமாறிய விதத்தைக் காட்ட ஒரு கட்டடம் போதும். ஒயிட்டவே லெய்ட்லா என்ற ஆங்கிலேயத் துணிக்கடை, சீமைச் சட்டையும் தொப்பியும் விற்ற மாளிகை. அதே கட்டடம் பிறகு ‘சுதேசமித்திரன்’ நாளிதழின் அலுவலகம் ஆனது. விக்டரி ஹவுஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதன் பிறகு வி.ஜி.பி. வந்தது. வானொலிப்பெட்டியும் மின்விசிறியும் மாதத் தவணையில் கொடுத்தார்கள். சீமைத் துணி, தேசியப் பத்திரிகை, தவணைக்கு மின்விசிறி. ஒரு வாசல்படி இத்தனையையும் பார்த்திருக்கிறது.

‘மவுண்ட் ரோடு மகாவிஷ்ணு’ யார்?

‘தி ஹிந்து’ நாளிதழ். அண்ணா சாலையில் அதன் அலுவலகம் இருப்பதால் வந்த பட்டப்பெயர். கிண்டலா, மரியாதையா என்பது சொல்பவரைப் பொறுத்தது.

ரவுண்டானா என்ற சொல் இங்கிருந்துதான் வந்ததாமே?

அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்கும் நம்பிக்கை உண்டு. அண்ணா சிலை நிற்கும் சந்திப்பில் வட்ட வடிவில் ஒரு காவல் நிலையம் இருந்தது. காவல் நிலையத்துக்கு அன்று ‘தாணா’ என்று பேர். வட்டமான தாணா, ரவுண்டு தாணா, பிறகு ரவுண்டானா. இன்று கோவையிலும் மதுரையிலும் போக்குவரத்துத் திடல் எதைக் கண்டாலும் ரவுண்டானா என்கிறோம். கட்டடம் எப்போதோ போய்விட்டது, சொல் மட்டும் ஊர் ஊராகப் போய்க் குடியேறிவிட்டது.

மவுண்ட் ரோட்டில் ஒரு சிலைக்காகப் போராட்டம் நடந்ததா?

ஆமாம், 1927-ல். 1857 கிளர்ச்சியை ஈவிரக்கமில்லாமல் அடக்கிய கர்னல் நீலின் சிலை ஸ்பென்சர் பக்கத்தில் நின்றது. அதை அகற்றக் கோரித் தொண்டர்கள் சுத்தியலும் கோடரியுமாக வந்து கைதானார்கள். காந்தியும் அந்தப் போராட்டத்துக்கு ஆதரவு தந்தார். சிலை அப்போது அசையவில்லை. 1937-ல் ராஜாஜியின் அரசு அமைந்த பிறகுதான் அதை எடுத்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். சாலையின் தொடக்கத்தில், தீவுத்திடல் பக்கம் நிற்கும், ஆங்கிலேய ஆளுநராக இருந்த மன்றோவின் குதிரைச் சிலையை மட்டும் யாரும் தொடவில்லை. மன்றோ மேல் இந்த ஊருக்கு நல்லெண்ணம் உண்டு.

எல்.ஐ.சி. கட்டடத்துக்கு என்ன அத்தனை பெருமை?

1959-ல் திறந்தபோது 177 அடி உயரம், இந்தியாவிலேயே உயரமான கட்டடம். இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்புகள் அதைக் குனிந்து பார்க்கும். ஆனால் இரண்டு தலைமுறைத் தமிழர்களுக்குச் சென்னை என்றால் அதுதான். ஊரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிப்போய் நிறுத்தி, கழுத்து வலிக்கும் வரை மாடி எண்ண வைப்பது ஒரு சடங்கு. பதினான்கு என்று ஒருவர் சொல்வார், பதினைந்து என்று இன்னொருவர் சண்டைக்கு வருவார்.

அதைத் தொடங்கியது எல்.ஐ.சி. அல்ல. யுனைடெட் இந்தியா என்ற காப்பீட்டு நிறுவனத்தை நடத்திய மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் தன் நிறுவனத்துக்காக 1953-ல் தொடங்கினார். 1954-ல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956-ல் ஆயுள் காப்பீட்டை அரசு எடுத்துக்கொண்டது. கட்டிமுடித்த கட்டடம் எல்.ஐ.சி.க்குப் போயிற்று. 1975-ல் பெரிய தீ விபத்து நடந்தும் நிமிர்ந்தே நிற்கிறது.

சினிமாவுக்கும் இந்தச் சாலைக்கும் என்ன தொடர்பு?

பொருள் வாங்கக் காசில்லாத கூட்டத்தை மவுண்ட் ரோட்டுக்கு இழுத்து வந்தது சினிமாதான். 1913-ல் வார்விக் மேஜர் என்பவர் எலெக்ட்ரிக் தியேட்டரைத் தொடங்கினார். அந்தக் கட்டடம் இன்றும் அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் தபால்தலைப் பிரிவாக இருக்கிறது. போய்ப் பார்க்கலாம். பிறகு ரகுபதி வெங்கையா கெயிட்டியைக் கட்டினார். சென்னையில் ஓர் இந்தியர் கட்டிய முதல் திரையரங்கு அது.

அதன் பிறகு வரிசை கட்டி வந்தன. எல்பின்ஸ்டன், வெலிங்டன், குளோப், காசினோ, மிட்லண்ட், ஆனந்த், சிவாஜி குடும்பத்தின் சாந்தி, மூன்று அரங்குகளை ஒரே கூரையின் கீழ் வைத்த சபையர், 1970-ல் தேவி. சாயங்காலக் காட்சி விட்டதும் மூன்று நான்கு அரங்குகளிலிருந்து ஒரே நேரத்தில் ஆட்கள் வெளியே கொட்டுவார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே நான்கு படத்தின் கதையைக் கேட்டுவிடலாம். 1951-ல் தொடங்கிய புஹாரி ஓட்டலுக்கு அந்தக் கூட்டத்திலும் ஒரு பங்கு போயிருக்கும். சிக்கன் 65 அங்கே 1965-ல் பிறந்தது என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. எனக்கு மறுக்க மனமில்லை, ஒரு தட்டு முன்னால் இருக்கும்போது மறுப்பதும் முறையல்ல.

இன்று சபையர் இல்லை, சாந்தி இல்லை, ஆனந்த் இல்லை. தேவி இருக்கிறது.

வாகனக் கடைகளும் உதிரிபாகக் கடைகளும் இந்தப் பக்கம் ஏன் இத்தனை?

சிம்சன் 1840-ல் தொடங்கியபோது குதிரை வண்டி கட்டிக் கொடுத்த நிறுவனம். வண்டியில் வருபவர்களின் சாலையில் வண்டி விற்பது இயல்புதானே. 1903-ல் அதே சிம்சனில் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டினார்கள். 1910-ல் டி ஏஞ்சலிஸ் என்ற ஓட்டல்காரருக்கு விமானமே செய்து கொடுத்தார்கள், அது பறக்கவும் செய்தது. கார் விற்பனையாளர்கள் சாலை நெடுக வந்தார்கள். அவர்கள் பின்னால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உதிரிபாகம், கூவத்தை ஒட்டிய புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் தொழில். வானொலி உதிரிபாகம் விற்ற ரிச்சி தெருவும் மவுண்ட் ரோட்டின் பக்கவாட்டுக் கிளைதான். இன்று கணினி, கைப்பேசி என்று அதற்குத் தனி ராஜ்யம். முதன்மைச் சாலை காய்ந்தபோதும் இந்தக் கிளைத் தெருக்கள் காயவில்லை. அங்கே போகிறவர்கள் வேடிக்கை பார்க்கப் போவதில்லை, ஒரு திருகாணி தேடிப் போகிறார்கள்.

பாதி இடிந்து நிற்கும் அந்தச் சிவப்புக் கட்டடம் எது?

பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம். 1897-ல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரி கட்டிய கார்டில் மாளிகை, ஜே. எச். ஸ்டீஃபன்ஸ் வடிவமைத்தது. பிறகு பாரத் காப்பீட்டு நிறுவனம் வாங்கியது, நாட்டுடைமைக்குப் பிறகு எல்.ஐ.சி.யிடம் வந்தது. 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரிய ஆர்வலர்கள் உயர் நீதிமன்றம் போய் நிறுத்தினார்கள். இடிப்பது நின்றதே தவிர, பழுது பார்ப்பது வெகுகாலம் தொடங்கவே இல்லை. கோபுர இடுக்குகளில் அரசமரம் முளைத்து வேர் விட்டதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். நீதிமன்றம் மனிதர்களை நிறுத்தலாம், அரசங்கன்றை யார் நிறுத்துவது?

கூட்டம் தி.நகருக்கு ஏன் போயிற்று?

விலை குறைவு, கடை அதிகம் என்று சொல்வார்கள். அது விளைவு. காரணம் எனக்குப் பட்டவரை போக்குவரத்து.

முதலில் ஒரு வேடிக்கை. தி.நகர் என்ற இடமே மவுண்ட் ரோட்டின் பக்கத்தில் தண்ணீராகக் கிடந்தது. சாலையின் மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்ட ஏரி ஒன்று இருந்தது. ஆங்கிலேயர் அதை ‘நீள ஏரி’ என்ற பொருளிலேயே குறித்தார்கள். 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில் அதைத் தூர்த்து மனை போட்டு, பிட்டி தியாகராயர் பெயரை வைத்தார்கள். ஒரு கடைவீதியின் பக்கத்து ஏரியிலிருந்தே அதன் போட்டியாளர் முளைத்தார்.

1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அது மாம்பலத்தில் நிற்கும். மவுண்ட் ரோட்டில் கடைகள் இருந்த பகுதியை அது தொடவே இல்லை. அங்கே டிராம் இருந்தது. 1895-ல் சென்னையில் தொடங்கிய மின்சார டிராம் 1953-ல் நின்றுபோனது. பிறகு பஸ் ஒன்றுதான் கதி. பல்லாவரத்திலிருந்தோ செங்கல்பட்டிலிருந்தோ கல்யாணத்துக்குத் துணி எடுக்க ஒன்பது பேர் கிளம்பினால் எங்கே போவார்கள்? மாம்பலத்தில் இறங்கிப் படியைவிட்டுக் காலை வைத்தால் ரங்கநாதன் தெரு. 1928-ல் தி.நகரில் நல்லி பட்டுக்கடை வந்துவிட்டது. 1970-ஐ ஒட்டி ரங்கநாதன் தெருவில் சரவணா ஸ்டோர்ஸ் பாத்திரத்தோடு தொடங்கியது. பாண்டி பஜாரில் நடைபாதைக் கடைகள். எல்லாம் நடக்கும் தூரம், எல்லாம் தோளோடு தோள். வண்டியில் வருபவர்களுக்காக அகலமாக, தள்ளித் தள்ளிக் கட்டிய மவுண்ட் ரோடு அந்த ஒன்பது பேரை எப்படி வரவேற்கும்?

அதற்குள் வண்டியில் வருபவர்களுக்கும் அங்கே இடமில்லாமல் போயிற்று. 1973-ல் ஜெமினி மேம்பாலம் வந்தது, சென்னையின் முதல் மேம்பாலம். சாலை முழுக்க நிற்காமல் போவதற்கான சாலையாக மாறியது. நிறுத்த இடமில்லாத சாலையில் கடை வைத்திருப்பது, வாசலைப் பூட்டிவிட்டுப் பந்தி போடுவது மாதிரி.

மெட்ரோ வந்து என்ன மாறியது?

பல வருடங்கள் சாலையின் நடுவே தகரத் தடுப்பு. சில இடங்களில் ஒருவழிப்பாதை, சுற்றிச் சுற்றிப் போக்கு. 2017 ஏப்ரலில் ஜெமினி அருகே சுரங்கப் பணி நடந்த இடத்தில் சாலை உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கி நின்றன. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. தடுப்புக்குப் பின்னால் மறைந்துபோன கடைகளுக்கு அந்தக் காலம் மிகவும் கொடுமையானது. எனக்குத் தெரிந்த ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அப்போது மூடியவர், திரும்பத் திறக்கவே இல்லை.

2019 பிப்ரவரியில் ஏ.ஜி.-டி.எம்.எஸ். முதல் வண்ணாரப்பேட்டை வரை ரயில் ஓடியது. அரசினர் தோட்டம், எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு என்று மூன்று நிலையங்கள் பழைய கடைப்பகுதிக்கு அடியிலேயே வந்துவிட்டன. இந்தச் சாலைக்கு முதன்முதலாகக் காசு செலவழிக்க வருகிறவர்கள் தரைக்கு அடியிலிருந்து நடந்து மேலே ஏறி வருகிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் அலுவலகம் போகிறவர்கள் என்பதும் உண்மை.

ஆயிரம் விளக்கில் உண்மையிலேயே ஆயிரம் விளக்கு இருந்ததா?

மொகரம் நாட்களில் கூடுவதற்காக 19-ஆம் நூற்றாண்டில் ஆற்காடு நவாப் குடும்பத்தார் கட்டிய மண்டபத்தில் ஆயிரம் எண்ணெய் விளக்கு ஏற்றினார்கள் என்பது பெயர்க்காரணம். எண்ணிப் பார்த்தவர்கள் இப்போது இல்லை. இன்றைய பள்ளிவாசல் பின்னால் கட்டியது.

ஒருநாள் நடந்து பார்க்க வேண்டும். எப்படிப் போவது?

ஞாயிறு காலை போங்கள், வெயில் ஏறுவதற்குள். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி அண்ணா சிலையிலிருந்து தெற்கே நடந்தால் போதும், ஸ்பென்சர் வரை சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான். முதல் மாடிக்கு மேலே பார்த்துக்கொண்டே நடங்கள். கீழ்த்தளம் எல்லாம் பெயர்ப்பலகையும் கண்ணாடியுமாக மாறிவிட்டது, பழைய மவுண்ட் ரோடு இப்போது முதல் மாடியில்தான் குடியிருக்கிறது. வளைவுகள், மரச் சட்டங்கள், எப்போதோ மூடிய வியாபாரத்தின் பெயரைத் தாங்கிய சுதைவேலை. ஆனால் நடைபாதையில் பள்ளம் உண்டு, கண்ணை அடிக்கடி இறக்கவும்.

பொருள் வாங்கும் ஆசை இருந்தால் வார நாளில் இன்னொரு முறை போகவேண்டும். ஹிக்கின்பாதம்ஸில் புத்தகம், ஸ்பென்சர் அருகே விக்டோரியா டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட்டில் கைவேலைப் பொருட்கள், அரசின் பூம்புகார் கைவினைக் கடையில் வெண்கலச் சிலை. விக்டோரியா ராணியின் பொன்விழா நினைவாகத் தொடங்கிய அந்த நிறுவனத்தில் குழந்தைகளுக்கான பூத்தையல் கவுன்கள் இன்னும் கிடைக்கின்றன, பேத்திக்கு வாங்கலாம்.

திரும்ப எல்.ஐ.சி. நிலையத்தில் ரயில் ஏறலாம். அதில் மாம்பலம் கிடையாது. பட்டுப்புடவை வாங்கும் எண்ணமும் இருந்தால் வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள்.